கலைத்திட்டமும் கடைசிப் பிள்ளையும்
சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்துக் கிறிஸ்தவக் கல்விநோக்கு பற்றிய ஒரு விமர்சனம்

கிறிஸ்தவக் கல்வி பற்றி நம் நாட்டில் நடைபெற்று வந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. பாடசாலைகள் யாருக்கு உரியவை என்பது ஒன்று. சமய பாடம் எவ்வாறு கற்பிக்கப்படவேண்டும் என்பது மற்றையது. இவ்வினாக்கள் முக்கியமற்றவை என யாரும் கூறார். எனினும், ஒரு பிள்ளை காலை முதல் பிற்பகல் வரை வகுப்பறையில் என்ன கற்கின்றது, எது அதற்குக் கற்பிக்கப்படாமல் விடப்படுகின்றது, அவ்வாறு விடுவதென முடிவு செய்தவர் யார் ஆகிய வினாக்கள் இவ்விவாதங்களில் உரிய இடத்தைப் பெற்றதில்லை. கலைத்திட்டத்தை வகுப்போரின் பொறுப்பு இம்மூன்று வினாக்களிலேயே தங்கியுள்ளது.

கிறிஸ்தவ நோக்கை வெளியிலிருந்து மறுப்பது எமது எண்ணமன்று. அந்நோக்கு தனக்கென வகுத்துக்கொண்ட அளவுகோலைக் கொண்டே அதன் கல்விச் செயற்பாட்டை அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வளவுகோல் யாவரும் அறிந்ததே. சமூகத்தின் மிக எளியோருக்குச் செய்யப்பட்டதும் செய்யப்படாததுமே இறுதித் தீர்ப்புக்கு அடிப்படையாகும் என்பது மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் வற்புறுத்தும் கருத்து. செய்த தீமையைப் போலவே செய்யாமல் விட்ட நன்மையும் அங்கு குற்றமாகக் கொள்ளப்படுகின்றது. இக்கருத்தைக் கல்வித்துறையிற் பொருத்திப் பார்த்தால், ஒரு கலைத்திட்டத்தின் தகுதியை அதனால் மிகுந்த பயன்பெற்ற மாணவனைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. அது கடைசியாகச் சென்றடையும் பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். அத்தகைய கடைசிப் பிள்ளையை இலங்கையில் தேடுவோர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து சேர்வது தவிர்க்கவியலாதது.

1. போட்டியின்றிப் பிறந்த பாடம்

மிஷனரிமாரின் கல்விப்பணி எனும்போது நம்மவர் நினைவில் முதலில் தோன்றுவது யாழ்ப்பாணமே. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றை ஒருங்கே கற்பித்தது. மதமாற்றமே அதன் இறுதிக் குறிக்கோள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அங்கு எதிர்த்து நிற்கக்கூடிய ஒரு சமூகம் இருந்தது. நிலமும் புலமை மரபும் கோயில்களும் அதனிடம் இருந்தன. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பாலபாடங்களை எழுத முற்பட்டபோது இரு தரப்பினருக்குமிடையே உண்மையான கல்விப் போட்டி ஒன்று உருவாயிற்று. அப்போட்டியின் நோக்கங்கள் எவ்வாறாயினும், அதன் விளைவாகப் பாடங்கள் விரிந்தன, நூல்கள் பெருகின, பெற்றோருக்குத் தெரிவு கிடைத்தது.

மலைநாட்டின் நிலைமை முற்றிலும் வேறானது. 1850களின் நடுப்பகுதியில், திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் பொறுப்பில், கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தென்னிந்தியத் தமிழரிடையே பணியாற்றுவதற்கென ஒரு தனி மிஷன் தோற்றுவிக்கப்பட்டது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதே அதன் பெயர். பெயரே அக்காலப் பார்வையைப் புலப்படுத்துகின்றது. அதன் உபதேசியாருக்கும் பாடசாலைகளுக்கும் வேண்டிய பணத்திற் பெரும் பங்கைத் தோட்டத்துரைமாரே வழங்கினர். துரையின் அனுமதியின்றித் தோட்ட எல்லைக்குள் யாரும் காலடி வைக்க முடியாத சூழ்நிலையில், உபதேசியாருக்கும் வேறு வழி இருந்ததெனக் கூறமுடியாது. ஆனால் இவ்வேற்பாட்டின் கல்விப் பயனை நாம் கவனத்திற் கொள்ளல் வேண்டும். யாரிடம் பிள்ளையின் பெற்றோர் வேலை செய்தனரோ, அவரிடமே பிள்ளையின் ஆசிரியரும் படி பெற்றார். வாசிப்பு, எழுத்து, எண், சிறிது வேதபாடம் என்ற எல்லையைத் தாண்டிச் செல்லவேண்டிய தேவை அங்கு எவருக்கும் எழவில்லை. எதிர்த்துக் கேட்க ஒரு நாவலரும் அங்கு இருக்கவில்லை. கங்காணிமார் நடத்திய லயத்துப் பள்ளிகள் இருந்தன எனினும், அவை ஒரு மாற்றுக் கலைத்திட்டத்தை முன்வைக்கும் வலிமை கொண்டவையல்ல.

ஒரே காலத்தில், ஒரே நற்செய்தியின் பெயரால், ஒரு தீவில் இருவகைப் பாடங்கள் உருவாகின. வடக்கில் வானியல், மலையில் அரிச்சுவடி. இவ்வேறுபாட்டை மிஷனரிமாரின் தனிப்பட்ட மனப்பான்மையால் மட்டும் விளக்க முற்படுவது போதாது. கற்போரின் சமூக பலமே கலைத்திட்டத்தின் கனத்தைத் தீர்மானித்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

2. சட்டம் வகுத்த எல்லை

சப்பிரகமுவவின் தனித்தன்மை இவ்விடத்தில் நோக்கத்தக்கது. நுவரெலியாவிற் போன்று தோட்டங்கள் அங்கு தொடர்ச்சியாகப் பரந்து கிடக்கவில்லை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற ஆகிய பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களுக்கிடையே திட்டுத் திட்டாக அமைந்தன. தொழிலாளர் குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் இருந்தன. ஒரு தோட்டத்துப் பிள்ளைகளின் தொகை ஓர் ஆசிரியருக்கு மேல் வைப்பதற்குப் போதாதென நிர்வாகங்கள் வாதிடுவதற்கு இந்நிலை வாய்ப்பாயிற்று. ஓராசிரியர் பாடசாலை இவ்வாறு இப்பகுதியின் வழமையான வடிவமாயிற்று.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகியின்மீது சுமத்தின. இவற்றை முற்போக்கான சட்டங்கள் எனப் பாராட்டியோர் உளர். ஆனால் அச்சட்டம் குறித்த வயதெல்லை 6 முதல் 10 வரையே. நாட்டின் பிற பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி 14 வயது வரை விரிந்தபோதும் தோட்டப் பிள்ளைக்கு அது பத்தாம் வயதிலேயே முடிவடைந்தது. பத்து வயதின் பின்னர் அப்பிள்ளையைப் பிரட்டுக்களம் எதிர்பார்த்திருந்தது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. வயதெல்லை என்பது நிர்வாக விதிபோலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு கலைத்திட்டத் தீர்மானமாகும். பத்து வயதுடன் நிறுத்தப்படும் கல்வியில் வரலாறு இல்லை, விஞ்ஞானம் இல்லை, இரண்டாம் மொழி இல்லை. அவை விலக்கப்பட்டனவென எவரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. அவற்றுக்குரிய வயது விலக்கப்பட்டது. அவ்வளவே.

இக்காலத்திற் கிறிஸ்தவ சபைகள் சப்பிரகமுவவில் இல்லாமற் போகவில்லை. 1893இல் நிறுவப்பட்டுப் பெல்ஜிய இயேசு சபைத் துறவியரிடம் ஒப்படைக்கப்பட்ட காலி மறைமாவட்டம் சப்பிரகமுவ மாகாணத்தையும் உள்ளடக்கியிருந்தது. 1995இலேயே இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயிற்று. இரத்தினபுரி நகரில் பப்ரிஸ்த மிஷனின் வழிவந்த பேர்கஸன் பாடசாலை பெண் கல்வியில் நற்பெயர் ஈட்டியது. நகரத்து மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் கணிதமும் இசையும் உயர்பரீட்சைகளும் இடம்பெற்றன. சில மைல் தொலைவில், அதே மிஷன்களின் பணியெல்லைக்குள் இருந்த தோட்டத்தில், மணற்பலகையும் வாய்ப்பாடும் இடம்பெற்றன. ஒரே ஞானஸ்நானம், இரண்டு கலைத்திட்டங்கள். கிறிஸ்தவ நோக்கு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த முதல் வினா இதுவே. அது கேட்கப்படவில்லை.

3. சபைகள் எதற்காகப் போராடின?

1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயருடன் இணைந்த அச்சாதனை இந்நாட்டின் சமூக வரலாற்றையே மாற்றியது. தோட்டப் பாடசாலையோ அம்மாற்றத்தின் புறத்தே நின்றது. 1947இன் கல்வித் திருத்தம் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்க வழிசெய்தது எனினும், 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பும் அம்மக்களின் அரசியல் பலத்தை அழித்துவிட்டன. வாக்கற்ற மக்களின் பாடசாலைக்காக எந்தக் கட்சியும் அவசரப்படவில்லை.

இந்நிலையில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. கத்தோலிக்கத் திருச்சபை அதனைக் கடுமையாக எதிர்த்தது. பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் இரவு பகலாகத் தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சிறுபான்மைச் சமயத்தவரின் கல்வியுரிமை என்ற வகையில் அவர்களது அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அப்போராட்டத்தின் மையத்தில் நின்ற வினா, பாடசாலை யாருடையது என்பதே. அதே ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகள் அரசாலும் பொறுப்பேற்கப்படவில்லை, சபைகளாலும் கோரப்படவில்லை. அவை துரைமாரிடமே இருந்தன. இரு பெரும் நிறுவனங்கள் கல்விக்காக மோதிக்கொண்டவேளை இருவரும் வேண்டாத ஒரு பிள்ளை லயத்து வாசலில் நின்றது என நாம் கூறுவது மிகையாகாது.

1965 ஒக்ரோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. மனிதர் யாவர்க்கும் கல்வி உரிமை உண்டு என்பதையும், கத்தோலிக்கப் பாடசாலை வறியோர்பாற் சிறப்பான அக்கறை கொள்ளவேண்டும் என்பதையும் அது எடுத்துரைத்தது. ஆயினும் அவ்வறிக்கையிலும் பெற்றோரின் உரிமை, திருச்சபையின் உரிமை, அரசின் கடமை ஆகியவற்றுக்குக் கிடைத்த விரிவு, கற்பிக்கப்படும் பொருளுக்குக் கிடைக்கவில்லை. யார் கற்பிப்பது என்பதில் தெளிவும், எதைக் கற்பிப்பது என்பதிற் பொதுமையும் அதன் இயல்பாக உள்ளன.

4. உரியதும் சமமானதும்

கலைத்திட்டத்தைப் பற்றிய உண்மையான சிக்கல் 1972இன் கல்விச் சீர்திருத்தத்துடன் முனைப்புப் பெற்றது. வட்டாரத் தொழில்களைச் சார்ந்த தொழில்முன்னிலைப் பாடங்களைக் கனிட்ட இடைநிலை வகுப்புகளிற் புகுத்தி, ஏட்டுக் கல்விக்கும் உழைப்புக்குமிடையே உள்ள பிளவைக் குறைக்க அது முயன்றது. 1977இன் ஆட்சி மாற்றத்துடன் அச்சீர்திருத்தம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவை. ஆதலால் அச்சீர்திருத்தத்தின் நன்மையோ தீமையோ அவற்றை நேரடியாகத் தொடவில்லை. எனினும் அது எழுப்பிய கோட்பாட்டு வினா தோட்டத்திற்கே மிகக் கூர்மையாகப் பொருந்துவதாகும்.

பிள்ளையின் சூழலிலிருந்து கல்வி தொடங்கவேண்டும் என்பது ஏற்புடைய கொள்கை. மீனவக் கிராமத்திற் கடலும் உழவர் கிராமத்தில் வயலும் பாடமாகலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு எது பாடமாவது? கொழுந்து பறித்தலும் பால் வெட்டுதலுமா? அவ்வாறாயின், பெற்றோரைப் பிணித்த அதே தொழிலைப் பாடசாலையே பிள்ளைக்கும் பயிற்றுவித்து அனுப்பும். நூறாண்டுகளாகத் துரைமார் விரும்பியதும் அதுவே. மறுபுறம், நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு உரிய அதே பாடத்தை மாற்றமின்றி அளித்தால், பராக்கிரமபாகுவின் குளங்களையும் கொழும்புத் துறைமுகத்தையும் அறிந்த பிள்ளை தன் பாட்டனார் எவ்வழியாக மன்னாரிற் கரையிறங்கி நடந்துவந்தார் என்பதை அறியாமற் போகும். உரியது எனப்படுவது அடிமைப்படுத்துகின்றது. சமமானது எனப்படுவது அந்நியமாகின்றது.

1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இச்சிக்கலை மேலும் கொடியதாக்கியது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைச் சம பங்காகப் பிரித்துக்கொள்வதென 1974இல் மற்றுமோர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரே வாங்கில் அமர்ந்திருந்த இரு பிள்ளைகளுள் ஒருவர் எந்நாட்டின் வரலாற்றைக் கற்பது? எந்நாட்டின் படத்தை வரைவது? இவ்வினாவுக்கு எந்தப் பாடவிதானக் குழுவும் விடை தந்ததில்லை. எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எண்ணக் கற்பித்ததே அக்காலக் கல்வியின் சாதனையாக எஞ்சியது.

உரியதா, சமமானதா என்ற இவ்விருமையிற் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. கொழுந்து பறிக்கக் கற்பிப்பது வேறு. கொழுந்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டம் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். சூரியன் ஏறுமுன்னர் பால் வெட்டப்படுவது ஏன் என்ற வினா தாவர உயிரியலுக்கு இட்டுச்செல்லும். பாலில் அமிலம் சேர்த்ததும் அது உறைவது இரசாயன பாடத்தின் முதற் பரிசோதனையாகலாம். அமேசன் காட்டு மரத்தின் வித்துகள் இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1870களில் ஹெனரத்கொடைக்கு வந்தமை உலக வரலாறு. 1952இற் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கை பொருளியல். அவ்வுடன்படிக்கையைப் பாடநூலிற் படிக்கும் பிள்ளை, அந்த இறப்பரை வெட்டியவர் தன் பாட்டியே என்பதை அறிந்து படிக்குமாயின், வரலாறு அதற்கு அந்நியமாக இராது. தேயிலைக்கும் இது பொருந்தும். கொழும்பில் 1883 முதல் நடைபெற்றுவரும் ஏலத்தில் விலை எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதைக் கற்ற பிள்ளை, தாயின் சம்பளச் சீட்டை வேறு கண்களாற் பார்க்கும். அண்மையிலுள்ள பொருளைச் சேய்மையிலுள்ள அறிவினால் ஆராயும் ஆற்றலை அளிப்பதே கலைத்திட்டத்தின் கடன்.

5. திராட்சத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும்

இனிச் சமய பாடத்தை நோக்குவோம். பெற்றோரின் சமயத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் கடப்பாட்டை இலங்கை அரசு ஏற்றுக்கொண்டுள்ளது, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் சமயம் கட்டாய பாடமாக உள்ளது. ஆகவே தோட்டத்துக் கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தன் வேதத்தை அரச பாடசாலையிலேயே கற்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை எதனைக் கற்பிக்கப் பயன்படுகின்றது?

நற்செய்தியில் திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமை ஒன்றுண்டு. விடியலில் வந்தோருக்கும் மாலையில் வந்தோருக்கும் ஒரே கூலி வழங்கிய வீட்டெசமானைப் பற்றியது அது. தமிழ் வேதாகமத்தின் ‘தோட்டம்’ என்ற சொல்லும் மலையகத் தமிழரின் ‘தோட்டம்’ என்ற சொல்லும் ஒன்றே. ‘முழுப்பேர்’, ‘அரைப்பேர்’ என்ற கணக்கை நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அவ்வுவமையின் முதல் வசனமே தன் வீட்டுக் கதையாகத் தோன்றும். மரபான போதனையில் அவ்வுவமை, பிந்தி மனந்திரும்பியோருக்கும் மோட்சம் உண்டு என்ற ஆன்மிகப் பொருளுடன் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அப்பொருள் தவறன்று. ஆனால் நாள் முழுவதும் வேலை கிடைக்காமற் சந்தையில் நின்றவனுக்கும் அவன் வீட்டில் ஒரு நாள் உணவு தேவை என்பதே அவ்வெசமான் கண்ட நீதி என்பதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது, உவமையின் பாதியை மறைப்பதாகும். எகிப்தில் வைக்கோலின்றிச் செங்கல் அறுக்கப் பணிக்கப்பட்ட மக்களின் கதையும் இத்தகையதே. மோசேயின் அற்புதங்கள் நினைவில் நிற்கின்றன. கூட்டப்பட்ட வேலையளவு மறக்கப்படுகின்றது.

இவ்வாறு படிக்கும் முறை புதியதன்று. பிரேசிலைச் சேர்ந்த பாவ்லோ பிறேயிரே, 1970 முதல் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்துடன் இணைந்து பணியாற்றியவர். எழுத்தறிவு என்பது சொல்லை வாசிப்பதுடன் தன் உலகையும் வாசிப்பதாகும் என்ற கருத்தை அவர் பரப்பினார். இத்தாலியில் லொரென்சோ மிலானி என்ற குருவானவர் 1954இற் பார்பியானா என்னும் மலைக்கிராமத்திற்கு அனுப்பப்பட்டபோது, அரச பாடசாலையால் தள்ளப்பட்ட உழவர் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை நடத்தினார். 1967இல் அவருடைய மாணவர் எண்மர் கூட்டாக எழுதிய ‘ஆசிரியைக்கு ஒரு கடிதம்’, ஏழைகளை வடிகட்டும் பாடத்திட்டத்தின் இயக்கத்தைப் புள்ளிவிவரங்களுடன் அம்பலப்படுத்தியது. இங்கு நாம் குறிக்கவேண்டியது யாதெனில், மிலானி அப்பிள்ளைகளுக்கு எளிதான பாடத்தைத் தேடவில்லை. மொழி, செய்தித்தாள், சட்டம், அயல்மொழிகள் எனக் கடினமானவற்றையே நீண்ட நேரம் கற்பித்தார். ஏழைக்கு எளிய பாடம் என்பது இரக்கத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இலங்கையிலும் இத்தகைய குரல்கள் எழுந்தன. 1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பேர்ஸ் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், தோட்ட மக்களின் வாழ்நிலையை ஆராய்ந்து வெளியுலகின்முன் வைத்தது. அதே ஆண்டிற் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்தின் ஆயர் லியோ நாணயக்கார தோட்ட மக்கள் பக்கம் நிற்பதையே தம் பணியின் அடையாளமாக்கினார். இவர்களது பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றி கொன்ற செயலாகும். எனினும் அவர்களது உழைப்பு பெரிதும் பாடசாலைக்கு வெளியே, வளர்ந்தோரிடையேயும் ஆய்வுத் துறையிலும் நிகழ்ந்தது. வகுப்பறைப் பாடம் அரசின் துறை என விடப்பட்டது. சபைகளின் சமூகச் சிந்தனை ஒரு வழியிலும் சமய பாடநூல் மற்றொரு வழியிலும் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

6. சப்பிரகமுவவின் இன்றைய கணக்கு

1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. 1992இற் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. கட்டாயக் கல்வியின் எல்லை 1998இல் 14 எனவும் 2016இல் 16 எனவும் நடைமுறைக்கு வந்தது. பத்து வயதுடன் முடிந்த கல்வியை நினைவிற்கொண்டு நோக்குமிடத்து இவை பெரும் முன்னேற்றங்களே.

ஆனால் சப்பிரகமுவ இவற்றின் முழுப் பயனையும் பெறவில்லை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்கள் இப்பகுதித் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. குறிப்பாக 1981 ஓகஸ்ற்றில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்தோருடன் மாணவரும் ஆசிரியரும் சென்றனர். எஞ்சியோர் அச்சத்துடனும் சிதறலுடனும் வாழ்ந்தனர். அரசியற் பிரதிநிதித்துவம் நுவரெலியாவில் திரண்டது. சப்பிரகமுவவின் தமிழர் எல்லாக் கணக்கிலும் சிறு தொகையாயினர்.

இதன் விளைவு கலைத்திட்டத்தில் எவ்வாறு வெளிப்படுகின்றது? தேசியக் கலைத்திட்டம் தாளில் யாவர்க்கும் ஒன்றே. உயர்தரத்திற் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகளோ இவ்விரு மாவட்டங்களிலும் மிகக் குறைவு. பௌதிகவியலில் ஆர்வமுள்ள தெரணியகலைப் பிள்ளை வேறு மாவட்டத்திற்குச் செல்லவேண்டும். அல்லது கலைப்பிரிவைத் தெரிதல் வேண்டும். பின்னையதையே பெரும்பாலானோர் ‘தெரிவு’ செய்கின்றனர். 1995இற் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள பெலிஹுல்ஓயாவிற் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன் விஞ்ஞான பீடங்கள் அயல் தோட்டத்துப் பிள்ளைக்குக் கண்ணுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. பாடத்திற்கு எட்டும் தொலைவில் இல்லை. கற்பிக்கப்படாத பாடமும் கலைத்திட்டத்தின் ஒரு பகுதியே. அதுவே பிள்ளையின் வாழ்வை மிகுதியாகத் தீர்மானிக்கும் பகுதியும் ஆகும்.

மொழிப் பிரச்சினை இதனுடன் பின்னிப்பிணைந்தது. அயற்கிராமம் சிங்களம் பேசுகின்றது. சந்தையும் மருத்துவமனையும் பொலிஸ் நிலையமும் சிங்களத்திலேயே இயங்குகின்றன. தமிழ்ப் பாடசாலை தொலைவிலோ குறைபாட்டுடனோ இருக்கும்போது, பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலப் பாடசாலைகளிற் சேர்க்கின்றனர். அவர்களைக் குறைகூறும் உரிமை, அவர்களுக்கு நல்ல தமிழ்ப் பாடசாலை ஒன்றினைத் தரமுடியாதவர்களுக்கு இல்லை. சிங்களத்தை நன்கு கற்பதும் தமிழை இழப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்டவல்ல கற்பித்தல் இப்பகுதிக்கு வேறெங்கிலும் பார்க்க இன்றியமையாதது. இரு மொழியினரும் ஒரே பீடத்தின்முன் கூடும் திருச்சபை, இதற்கு ஓர் இயற்கையான பயிற்சிக்களமாக இருந்திருக்க வேண்டும்.

7. பொறுப்புகள்

மேற்கூறியவற்றிலிருந்து கிறிஸ்தவ நோக்கின் கலைத்திட்டப் பொறுப்புகள் சிலவற்றை நாம் வகுத்துக் கூறலாம்.

முதலாவது, பொறுப்பின் எல்லை பற்றியது. தோட்டப் பிள்ளைகளிற் பெரும்பான்மையோர் சைவர். மாரியம்மனையும் முனியாண்டியையும் வழிபடும் குடும்பத்தவர். கிறிஸ்தவப் பொறுப்பு கிறிஸ்தவப் பிள்ளையுடன் முடியுமாயின் அது சபையின் தன்னலமாகிவிடும். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களும் அப்பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தில் இடம்பெறவேண்டுமெனச் சபைகள் குரல் கொடுக்குமாயின், ‘கூலி மிஷன்’ காலத்துக் கடனில் ஒரு பகுதி தீரும்.

இரண்டாவது, இல்லாத பாடங்கள் பற்றியது. விஞ்ஞான, கணித ஆசிரியரும் ஆய்வுகூடமும் விடுதிவசதியும் நகரத்துக் கிறிஸ்தவக் கல்லூரிகள் சிலவற்றிடம் உள்ளன. அவற்றின் வார இறுதி வெறுமையாகவே கழிகின்றது. சமய வேறுபாடின்றித் தோட்டத்து உயர்தர மாணவருக்கு அவற்றைத் திறந்துவிடுவதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டியதில்லை. ஆயினும் இத்தகைய உதவி அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. உதவிசெய்யும் கையே உரிமையைக் கோரும் கையாகவும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பயன்படு கணிதமும் குடியியலும் பற்றியது. கொழுந்து நிறுவையிற் கழிக்கப்படும் எடை, செக்ரோலிற் பதியப்படும் பேர், ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்லும் தொகை ஆகியவை கணித பாடத்தின் பயிற்சிகளாகலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, 1948 முதல் 2003 வரையிலான குடியுரிமைச் சட்டங்களின் வரலாறு ஆகியவை குடியியலில் அடங்கலாம். இவற்றை அரசியல் என ஒதுக்குவோர், பத்து வயதெல்லையும் அரசியலே என்பதை மறந்தவராவர்.

நான்காவது, தீர்மானிப்போர் பற்றியது. தேசிய கல்வி நிறுவகத்தின் சமய பாடக் குழுக்களில் சபைகளின் ஆலோசனைக்கு இடமுண்டு. அவ்விடத்திற் குருமாரும் நகரத்து ஆசிரியரும் மட்டுமன்றி, தோட்டப் பாடசாலையிற் கற்பிப்போரும் அமர்தல் வேண்டும். பாடத்தைப் பெறுவோரின் வாழ்வை அறியாதவர் வகுக்கும் பாடம், எத்துணைப் பக்தியுடன் வகுக்கப்படினும், துரை வகுத்த பாடத்தின் தொடர்ச்சியாகவே அமையும்.

இப்பரிந்துரைகள் தோட்டத்து வறுமையைத் தீர்த்துவிடும் என நாம் மயங்கவில்லை. சம்பளமும் நிலவுரிமையும் வீடும் தீராத பிரச்சினைகளாக உள்ளவரை பாடசாலை தனித்து அற்புதம் நிகழ்த்தமுடியாது. காலையில் உணவின்றி வரும் பிள்ளைக்கு எந்தக் கலைத்திட்டமும் பாரமே. ஆனால் பொருளாதார மாற்றம் வரும்வரை பாடம் காத்திருக்கலாம் என்ற வாதமும் ஏற்கத்தக்கதன்று. சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்த தலைமுறையே சம்பளத்தை வினவும். உறுதிப்பத்திரத்தின் பொருளறிந்த தலைமுறையே நிலத்தைக் கோரும்.

கிறிஸ்தவ நோக்கிற் கல்வியைப் பேசுவோர் இதுவரை தம் பாடசாலைகளின் உயர்ந்த பெறுபேறுகளைக் கொண்டே தம்மை அளந்து வந்துள்ளனர். அவர்களது வேதம் அவர்களுக்கு வேறோர் அளவுகோலைத் தந்துள்ளது. எட்டியாந்தோட்டையின் இறப்பர் மலையொன்றில் வாழும், அவர்களது சபையைச் சேராத, அவர்களது பாடசாலையிற் படிக்காத பிள்ளைக்கு இவ்வாண்டு எந்தப் பாடம் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் அறிவார்களா? அவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கும் நாளிலேயே கலைத்திட்டம் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை தொடங்கும் என நாம் கருதுகின்றோம்.